பந்தயம் இல்லாத பந்து

தை பிறந்ததும் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம், பேர்ணாம்பட்டு பக்கத்து ஊர்களில் தெருவின் இரண்டு ஓரமும் தடுப்புக் கட்டைகள் எழும்பிவிடும். எருது விடும் விழா. மதுரைப் பக்கம்போல இங்கே யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. அவிழ்த்துவிட்ட காளை குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. வென்ற காளையின் சொந்தக்காரருக்கு ரொக்கமோ பைக்கோ கிடைக்கும். மாட்டுக்கு அந்த பைக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. தடுப்பில் ஏறி உட்கார்ந்து துண்டை வீசும் இளைஞனுக்கும் அதில் பங்கு கிடையாது. பிறகு அவன் எதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறான்?

இதே கேள்வியோடு அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் 14 ஆண்டுகள் மல்லுக்கட்டியது.

அங்கே ஆண்டுதோறும் ஜூலையில் இரண்டு லீகுகளின் நட்சத்திரங்களும் மோதும் ஆட்டம் ஒன்று உண்டு. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, ‘சிகாகோ டிரிபியூன்’ விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு தொடங்கி வைத்தது. ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 38 வயது பேப் ரூத் அதில் முதல் ஹோம் ரன் அடித்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் லீக் அட்டவணையில் ஒரு புள்ளி கூடாது, குறையாது. வெறும் வேடிக்கை.

2002இல் மில்வாக்கியில் அந்த வேடிக்கை மானத்தை வாங்கிவிட்டது. 11 இன்னிங்ஸ் முடிந்தும் 7–7. பந்து வீச ஆள் தீர்ந்துபோனது. ஆணையர் பட் செலிக் சமன் என்று அறிவித்தார், மைதானம் கூச்சலிட்டது. மறு ஆண்டு செலிக் மருந்து கண்டுபிடித்தார்: இந்த ஆட்டத்தில் வெல்லும் லீகின் அணிக்கே இறுதித் தொடரில் சொந்த ஊர் அனுகூலம். வேடிக்கைக்கு ஒரு பணயம் கட்டியாகிவிட்டது. விளைவு? 2016இல் பருவம் முழுக்க 103 வெற்றி பெற்ற சிகாகோ, 94 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தின் ஊருக்குப் போய் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை ஆட வேண்டியதாயிற்று. சிகாகோ ஜெயித்துவிட்டதால் சண்டை வரவில்லை. நட்சத்திர ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களோ அந்த ஆண்டு 2002ஐ விடக் குறைவு. 2017இல் அந்த விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

பலன் ஏதும் இல்லாத செயலுக்குப் பொருள் உண்டா? செலிக்குக்கு முன்பே இதை உடைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். குறையே இல்லாத இறைவன் எதற்காக உலகைப் படைத்தான் என்று பிரம்ம சூத்திரத்தில் ஒரு சிக்கல் வரும். எதையோ அடையத்தான் என்றால் அவனுக்கும் ஒரு குறை இருந்ததாகிவிடும். எதற்கும் இல்லை என்றால் பித்தன் வேலை. சூத்திரம் சொல்லும் விடை, லீலை. சங்கரர் இதற்கு மூச்சு விடுவதை உவமை காட்டினார். இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் பிடித்த உவமை இன்னும் நெருக்கமானது: ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் பந்து விளையாடுகிறான். வெறும் விளையாட்டுக்காக.

அந்த அரசன் வலிமையும் வீரமும் நிறைந்தவன் என்று இராமானுஜர் மறக்காமல் சொல்லிவிடுகிறார். சோம்பேறியின் பொழுதுபோக்கு அல்ல இது. தேவை எதுவும் இல்லாதவன் முழு பலத்தோடு ஆடுவது. மில்வாக்கியிலும் அது ஒரு கணம் நடந்தது. முதல் இன்னிங்ஸில் பாரி பாண்ட்ஸ் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போகவிருந்தது. டோரி ஹண்டர் எகிறிப் பிடித்துவிட்டார். ஹோம் ரன்னைப் பறிகொடுத்த பாண்ட்ஸ் ஓடிவந்து ஹண்டரை அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டார். பணயம் இருந்திருந்தால் தூக்கியிருப்பாரா என்பது சந்தேகம். சமனில் முடிந்ததற்கு வெட்கப்பட்டவர்கள் இதை வைத்து ஒன்றும் யோசிக்கவில்லை.

பணயம் பற்றி வேலூரில் வேறொரு மரபும் பேசுகிறது. பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் மார்க்கச் சட்டம், குதிரைப் பந்தயத்துக்கும் அம்பெய்தலுக்கும் பரிசை அனுமதிக்கிறது. ஆட்சியாளரோ மூன்றாம் ஆளோ கொடுத்தால் சரி. போட்டியிடும் எல்லாரும் பணம் கட்டி, வென்றவன் அள்ளிக்கொண்டு போனால் அது சூது. பரிசைக் காட்டிலும் அது யார் மடியிலிருந்து வருகிறது என்பதே சட்ட அறிஞர்களின் கவலை.

ஆனால் லீலை என்ற விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. தோல் பதனிடும் ஊர்க்காரர் கண்ணில் அது சட்டென்று படும். அரசனுக்கு விளையாட்டு, சரி. பந்துக்கு? சூத்திரகாரருக்கும் இந்தக் கவலை இருந்தது. அடுத்த சூத்திரத்திலேயே, உலகத்தின் ஏற்றத்தாழ்வுக்கும் துன்பத்துக்கும் இறைவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவரவர் வினை என்று பதில் வருகிறது. எருது விடும் விழாவில் அந்தப் பதில் செல்லாது. காளை எந்த வினைக்காக ஓடுகிறது? 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்ததற்குக் காரணம் மாட்டின் வதைதான். 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தி, எருது விடும் விழாவையும் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் சேர்த்து, ஜனவரி முதல் மே வரை நடத்த வழி செய்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. சட்டம் தீர்ந்தது, கேள்வி தீரவில்லை. பரிசு ரொக்கத்திலிருந்து பைக்குக்கும் காருக்கும் ஏற ஏற, வாலை முறுக்கும் கை கூடும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை. பணயத்தின் பாரம், மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் முதுகில்தான் இறங்குகிறது.

பேஸ்பாலில் அந்த முதுகு, பந்து வீசுபவரின் தோள்பட்டை. 2022இல் எழுதிய புது விதி அதைத்தான் காப்பாற்றியது: ஒன்பது இன்னிங்ஸில் சமன் என்றால் மேற்கொண்டு ஆட வேண்டாம்; பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று வீச்சு, அதிக ஹோம் ரன் அடித்த பக்கம் வெற்றி. எளிதாக வீசப்படும் பந்து; யார் தோளும் கழலாது. 2025 ஜூலை 15, அட்லாண்டாவில் 6–6 ஆனபோது முதன்முறையாக அந்த விதிக்கு வேலை வந்தது. கைல் ஷ்வார்பர் மூன்று முறை மட்டையைச் சுழற்றினார். மூன்றும் வேலிக்கு வெளியே. மூன்றாவதை முழங்காலில் சரிந்தபடி அடித்தார். கோப்பையோ இறுதித் தொடரோ கணக்கில் இல்லாத அந்த நேரத்தில், சக நட்சத்திரங்கள் பள்ளிப் பையன்கள்போலத் துள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள்.

ஜூலை 18 அன்று லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. அட்டவணையில் எந்த அணியின் இடமும் மாறியிருக்கவில்லை.