சமுத்திரத்தை வறுக்கலாம்!

'சமுத்திரத்தை வறுத்துத் தின்னலாம்' (3 எழுத்து). என்ன விடை?

யோசித்துக்கொண்டே படியுங்கள். தெரிந்தவர்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டாம்!

இதை நான் சடையங்குப்பத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் கேட்டேன். மணலி ஆலைகளை ஒட்டி, பெருமழை என்றாலே பயப்படும் ஊர். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தால், மனிதர் முதலில் தேடுவது குறுக்கெழுத்துப் புதிரைத்தான். இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

''கடலை! இன்னா சார், கல்லா பக்கத்துலயே பாக்கெட் தொங்கினு கீது. கண்ணுக்குத் தெரியல பாரு!''

ஆமாம். 'சமுத்திரத்தை' என்றால் கடலை. வறுத்துத் தின்பதும் கடலை!

கவனித்தீர்களா? நான் அவரை ஏமாற்றினேன். அவரோ சிரிக்கிறார். ஏன்?

ஏனென்றால், நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திசையைத்தான் திருப்பினேன். எத்தனை எழுத்து என்றும் சொல்லிவிட்டேன். கட்டத்துக்குள் போட்டால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குறுக்கே வரும் சொல்லுக்கு நெடுக்கே வரும் சொல் சாட்சி. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் புதிரைப் போட்ட நாளிலிருந்து இந்த ஆட்டம் நிற்பது அந்தச் சாட்சியின் மேல்தான்.

இப்போது இன்னொரு குறிப்பு. 'மனிதனை ஆட்டிப் படைப்பது: ப-ம்.'

பணமா? பயமா? இரண்டுமே சரி! நடு எழுத்துக்குச் சாட்சி சொல்ல நெடுக்கே சொல் இல்லை. விடை, சீல் வைத்த உறைக்குள் இருக்கிறது. இதில் உங்கள் மூளைக்கு வேலையே இல்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் குறுக்கெழுத்துக்குப் பெரிய பெரிய பரிசுகள் உண்டு. 1955-ல் வந்த பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா உச்ச நீதிமன்றம் போனார். 1957 ஏப்ரல் 9-ல் வந்த தீர்ப்பின் சாரம் இது: திறமையால் ஜெயிக்கும் போட்டியை இந்தச் சட்டம் தொடாது. அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டி சூதாட்டம். வியாபாரம் என்று அது உரிமை கொண்டாட முடியாது. ஆன்லைன் ரம்மி வழக்குகளில்கூட இந்தத் தீர்ப்பைத்தான் புரட்டுகிறார்கள்.

கடைக்காரரிடம் திரும்புவோம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி, பருப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. கடைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. பாலிசியில் 'வெள்ளம்' என்ற வார்த்தையும் இருந்தது. வந்த பதில்: 'இது வெள்ளம் அல்ல, தேங்கிய மழைநீர்.'

''பிரீமியம் வாங்கச் சொல்ல ஒரே தண்ணிதான் சார். துட்டு குடுக்கச் சொல்ல ரெண்டு தண்ணி ஆயிடுச்சு!''

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். அந்த பாலிசியை நாலு தடவை படித்தேன். எது வெள்ளம், எது தேக்கம் என்று சொல்லும் வரி அதில் இல்லை. விடை உறைக்குள், உறை அவர்கள் கையில். ப-ம்!

ஊரைச் சொல்வானேன்? நானே 'வரி உயருமா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்திருக்கிறேன். உள்ளே போனால், உயரவில்லை! பொய் சொன்னேனா? இல்லை. ஆனால், காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கியவர் நிச்சயம் சிரித்திருக்க மாட்டார்.

சுற்றி வளைத்துப் பேசாமல் வாழ முடியாது. குழந்தையிடம், மனைவியிடம், வாடிக்கையாளரிடம் எல்லோரும் பேசுகிறோம். பொய் சொல்லவில்லை என்பது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். விடையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். ஆளைப் பார்த்து விடையை மாற்றக் கூடாது.

அடுத்த தடவை யாரையாவது சுற்றலில் விடும் முன் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மை தெரிகிறபோது அவர் 'அட!' என்பாரா, 'அடப்பாவி!' என்பாரா?