பழகிப்போன பிரேக்

1994ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள லாரன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து 73 வயது ஆல்வின் ஸ்ட்ரெய்ட் அண்ணனைப் பார்க்கக் கிளம்பினார். அண்ணன் நோயில் விழுந்திருந்தார். பார்வை மங்கிய ஆல்வினுக்குக் கார் ஓட்ட உரிமம் இல்லை. அவரிடம் இருந்தது 1966இல் தயாரான ஜான் டீர் புல்வெட்டி. மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. டிரெய்லர் ஒன்றைப் பின்னால் பூட்டிக்கொண்டு அதிலேயே புறப்பட்டார். விஸ்கான்சினில் இருந்த அண்ணன் வீட்டுக்கு 240 மைல். போய்ச் சேர ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று.

டேவிட் லிஞ்ச் இந்தப் பயணத்தை 1999இல் ‘த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ என்று படமாக்கினார். நிதானமாக நகரும் அந்தப் படத்தில் நெஞ்சு படபடக்கும் இடம் ஒன்று உண்டு. செங்குத்தான இறக்கத்தில் பெல்ட் அறுந்துபோக, ஆமை வேகத்தில் வந்த வண்டி டிரெய்லரோடு தறிகெட்டுப் பாய்கிறது. கிழவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். அறுந்தது வண்டியை ஓட்டும் பெல்ட்தானே, நிறுத்தும் பிரேக் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கான பதில் வண்டியின் அமைப்பில் இருக்கிறது. பழைய கியர் வகைப் புல்வெட்டிகளில் எஞ்சின் முன்புறம் இருக்கும். அதன் சுழற்சியை ஒரு பெல்ட் பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள கியர்பெட்டிக்குக் கொண்டுபோகும். சிறிய கியரில் இறக்கத்தில் இறங்கும்போது அந்தப் பெல்ட் வழியாக எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து வைக்கிறது. வேகமும் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குள்தான். ஆகவே பிரேக்குக்கு வேலை மிகக் குறைவு. அது தேய்கிறது, துருப்பிடிக்கிறது, ஆயிலில் ஊறுகிறது. ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை. பெல்ட் அறுந்த பிறகே பிரேக்கின் உண்மை நிலை வெளிப்படுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வகை வண்டிகள் பலவற்றில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பெடல்தான். பாதி அழுத்தினால் பெல்ட் தளரும். முழுதாக அழுத்தினால் பிரேக் பிடிக்கும். சரிவில் பயந்துபோய்ப் பெடலை மிதிப்பவர், முதலில் எஞ்சினின் பிடியை விடுவிக்கிறார். அடுத்த கணம் பிரேக் கைகொடுத்தாக வேண்டும். புல்வெட்டியும் ஆளுமாக 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 15 பாகைச் சரிவில் அந்த எடையைக் கீழே இழுக்கும் விசை சுமார் 78 கிலோவுக்குச் சமம். இதைத் தாங்க வேண்டியவை டிஸ்க் எனும் ஒரு சிறிய இரும்புத் தட்டும், அதை இருபுறமும் கவ்வும் ஓர் அங்குல அளவுள்ள இரண்டு பேடுகளும்தான்.

பழுதுபார்ப்பது கடினமல்ல. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பிரேக் வலது பின்சக்கரத்துக்கு உட்புறம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றுவதே பாதி வேலை. பல மழைக்காலங்களைக் கண்ட வண்டி என்றால் அது அச்சோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பிறகு இரண்டு போல்ட். கழற்றினால் பேடும் டிஸ்க்கும் கைக்கு வந்துவிடும். தேய்ந்த பேடை மாற்றி, துருவேறிய டிஸ்க்கைத் தேய்த்து, அது தன் தண்டின்மேல் தாராளமாக நகர்கிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். பல மாடல்களில் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி கால் மில்லிமீட்டர்தான். ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, நட்டைத் திருகி, காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும்.

ஆயிலில் ஊறிய பேடைத் துடைத்து மாட்டுவது வீண். ஆயில் கசியும் சீலைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போடுவதும் வீண்தான். இவற்றைவிட மோசமான குறுக்கு வழி ஒன்று உண்டு. பெடலிலிருந்து பிரேக்குக்குப் போகும் கம்பியின் நட்டைக் கொஞ்சம் திருகினால் பெடல் இறுகிவிடும். பேடு நல்ல நிலையில் இருக்கும்போது செய்யவேண்டிய அந்தச் சரிப்படுத்தலை, பேடு தேய்ந்த பிறகும் வருடா வருடம் செய்துகொண்டே போகிறவர்கள் பலர். மிதிக்கும்போது கால் நம்பிவிடுகிறது. டிஸ்க்கில் பிடிமானம் இருக்காது.

அதைவிடவும் எளிது பழகிக்கொள்வது. பிரேக் தளர்ந்த வண்டியை வைத்திருப்பவர் நாளடைவில் தானே மாறிவிடுகிறார். நாலடி முன்பே மிதிக்கிறார். வேலியோரச் சரிவைத் தவிர்க்கிறார். நிறுத்திய பிறகு சக்கரத்துக்கு ஒரு கல் வைக்கிறார். இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. கையும் காலும் தாமே செய்துகொள்கின்றன. கேட்டால், “இந்த வண்டி எனக்கு நல்லா பழக்கம்” என்பார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் அவர் உடம்பில் இருக்கிறது, வண்டியில் இல்லை. ஒரு சனிக்கிழமை அவருக்கு முதுகு வலித்தால், மகனோ மருமகனோ சாவியை வாங்கிக்கொண்டு ஏறுவான். சாவி கை மாறும். நாலடி முன்பே மிதிக்கும் பழக்கம் கை மாறாது.

பழுதோடு வாழப் பழகுவதைப் பொறுமை என்றும் சிக்கனம் என்றும் பாராட்டுகிறோம். நம் குறையை நாம் மட்டுமே சுமக்கும்வரை அது நம் விருப்பம். அடுத்தவர் ஏறி உட்காரக்கூடிய இருக்கையில் அந்த உரிமை கிடையாது.

நன்றாக இருக்கும் பிரேக்குக்கே எல்லை உண்டு. முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. இறக்கத்தில் எடை முன்னால் சாய, பின்சக்கரங்களின் பிடி குறையும். பிரேக் பிடிப்பது கியர்பெட்டியை என்பதால், ஒரு பின்சக்கரம் ஈரப்புல்லில் வழுக்கி எதிர்த்திசையில் சுழன்றால் மற்றது உருண்டுவிடும். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவு வேண்டாம் என்று கையேடுகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கும். ஒருமுறை மடியில் உட்காரவைத்துச் சவாரி காட்டிய குழந்தை, அடுத்த முறையும் சவாரி கேட்டு எதிர்பாராமல் வண்டியருகே ஓடிவரும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவ்வகை வண்டியை ஓட்டவே கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. ஓடிவரும் குழந்தைக்கும் வண்டிக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதை யோசித்தால், பேடு மாற்றும் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ள மனம் வராது.

இந்த வண்டிகள் கை மாறிக்கொண்டே இருப்பவை. விற்பவர் சாவியைத் திருப்பி எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்புவதைக் காட்டுவார். வாங்குபவர் மகிழ்ந்து பணத்தை எண்ணுவார். நிறுத்திக் காட்டச் சொல்வோர் குறைவு. அமெரிக்காவில் வீடு வாங்கி, பழைய புல்வெட்டி தேடும் வாசகர்கள் இதைக் கேட்க வேண்டும். எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இட்டு, சமதளத்தில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பின்சக்கரங்கள் சுழலாமல் தரையில் இழுபட வேண்டும். உருண்டால், பேடு மாற்றும்வரை வாங்காதீர்கள். விற்கிற இடத்தில் இருந்தால், மாற்றாமல் விற்காதீர்கள்.