ஒரு துண்டு வயரும் அடுத்த ஆளும்

நான் பழுதுபார்க்கும் வண்டியை ஓட்டப்போவது வேறு ஒருவர் என்றால், அதில் கை வைக்க எனக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது?

உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, சில வருடங்களாகப் பராமரிப்புக் குத்தகைக்காரர்களின் வண்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பாடாங், கோல்ஃப் மைதானம், நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, மண்ணும் உரமும் ஏற்றும் சின்ன டிப்பர், பேட்டரி பகி எல்லாம் ஓடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஏஜெண்டின் வொர்க்‌ஷாப்புக்குப் போவதே இல்லை. கொட்டகைக்குப் பின்னால், ஒரு ஃபோர்மேன் அண்ணனும் ஒரு பெட்டி ஸ்பேனரும் இருக்கும் இடத்தில்தான் அவற்றின் ஆயுள் தீர்மானமாகிறது.

புல்வெட்டும் வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்திருந்தால் அழுந்தியிருக்கும். பிளேடு சுற்றும்போது ஆள் எழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். சரிவில் வண்டி சாய்ந்து ஆள் தூக்கி எறியப்பட்டாலும், அடைத்துக்கொண்ட புல்லை எடுக்க அவசரத்தில் இறங்கினாலும், பிளேடை நிறுத்துவதற்கு அங்கே இருப்பது அந்தச் சுவிட்ச் மட்டும்தான்.

அது தேய்ந்துபோனால், மேடுபள்ளத்தில் இருக்கை லேசாக எகிறும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் நிற்கும். பிளக்கைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை. இனி அந்த இருக்கையில் எப்போதும் யாரோ உட்கார்ந்திருப்பதாகவே வண்டி நம்பும். "தம்பி, போலே ஜாலான் லா, அதுபோதும்" என்று ஒரு ஃபோர்மேன் அண்ணன் என்னிடம் சொன்னார். அவரை எளிதில் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. மதியத்துக்குள் பாடாங் முடிய வேண்டும், அசல் சுவிட்ச் வர வாரக்கணக்காகும், வண்டி நின்றால் ஓட்டுநருக்கு அன்றைய ஓவர்டைம் போய்விடும். பல இடங்களில் வயர் போடச் சொல்லிக் கேட்பதே அந்த ஓட்டுநர்தான்.

சொந்தக் கையால் பழுதுபார்ப்பதைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு ஒரு அழகான கற்பனை இருக்கிறது. 1974இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நாவல் அதற்கு முக்கியக் காரணம். தன் வண்டியைத் தானே கவனிப்பவன் அதன்மூலம் தன்னையும் கவனிக்கிறான் என்ற எண்ணத்தை அது நமக்குத் தந்தது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்தப் பயணத்தில் பின்னிருக்கையில் மகன் கிறிஸ் உட்கார்ந்திருக்கிறான் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. போல்ட்டைச் சரியாக இறுக்கினால் பிர்சிக்குக்குக் கிடைப்பது மனநிறைவு. தளர்வாக விட்டால் விழப்போவது அவர் மட்டும் இல்லை.

இன்னொரு பக்கம், பழுதுபார்க்கும் உரிமைக்கான போராட்டம் இருக்கிறது. அமெரிக்க விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே சரிசெய்ய வருடக்கணக்கில் சண்டை போட வேண்டியிருந்தது. விவசாய இயந்திரங்களுக்கு அந்த உரிமையைத் தரும் சட்டம் கொலராடோ மாநிலத்தில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு ஜான் டியர் நிறுவனம் விவசாயிகள் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. பாதுகாப்பு அம்சங்களை முடக்க அனுமதி இல்லை என்ற நிபந்தனை அதில் உண்டு. பாதுகாப்பைச் சொல்லியே கம்பெனிகள் எல்லாக் கதவையும் பூட்டப் பார்க்கும் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் சொல்பவர் யார் என்பதால் ஒரு நிபந்தனை தப்பாகிவிடாது.

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, பழுதைச் சரிசெய்வது. மற்றொன்று, பழுது இருப்பதைச் சொல்லும் பாகத்தின் வாயை அடைப்பது. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால், எங்கே ஷார்ட் என்று தேடுவது முதல் வகை. அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சொருகுவது இரண்டாவது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் புல்வெட்டியில் ஒரு போல்ட் இருக்கிறது. கல்லிலோ மரக்கட்டையிலோ பிளேடு மோதினால், கியர்பாக்ஸைக் காப்பாற்ற அது உடைய வேண்டும். உடைவதற்காகவே செய்த போல்ட் அது. 'அடிக்கடி உடையுது' என்று அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போடுபவர் அந்தப் பாகத்தின் வேலையையே புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவது வகையிலும் வண்டி ஓடும். அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது.

'ஓட்டுபவனே கேட்கிறானே, பிறகென்ன?' என்பது வலுவான கேள்வி. தன் உயிர், தன் முடிவு. நாம் யார் குறுக்கே நிற்க? ஆனால் இந்த நாட்டில் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ கடன் வாங்கி வந்தவர். வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அவருடைய 'சரி'யில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று பிரித்து அளக்க என்னிடம் கருவி இல்லை. அப்படியே அவர் முழு மனதோடு சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், அடுத்த மாதம் அவர் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். வயர் அங்கேயே இருக்கும். புதிதாக வருபவர் எதற்கும் சம்மதிக்கவில்லை. எழுந்தால் எஞ்சின் நிற்கும் என்று நம்பித்தான் அவர் எழுந்திருப்பார்.

நம் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட எதிலும் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ தலையிடுவது குற்றம் என்கிறது. ஆனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மட்டுமே காரணமாக இருந்தால், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வயரைக் கழற்றிவிட்டு மறுநாள் திரும்பப் போட்டுவிடலாம். எனக்கு வேறொரு அளவுகோல் தேவைப்பட்டது. இப்போது நான் வைத்திருப்பது இதுதான்: நான் செய்ததை வண்டியின் மேல் எழுதி ஒட்ட முடியுமா? 'சுவிட்ச் மாற்றப்பட்டது, தேதி இன்னது' என்று கூச்சமில்லாமல் ஒட்டலாம். 'நீங்கள் விழுந்தால் பிளேடு நிற்காது' என்று ஒட்ட முடியாது. விரிசல் விட்ட ரோல் பாரை வெல்டிங் செய்து, மேலே பெயிண்ட் அடிப்பவர் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும்போதே தன் பதிலைச் சொல்லிவிட்டார்.

இது சொந்தக் கையால் பழுதுபார்ப்பதற்கு எதிரான வாதம் இல்லை. சுவிட்ச் பிளக்கில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யலாம். இருக்கையின் ஸ்பிரிங், ஒல்லியான ஓட்டுநரின் எடைக்கு அழுந்தாமல் இருக்கலாம், அதைச் சரிசெய்யலாம். ஏஜெண்ட் தேவையில்லை, கொட்டகைக்குப் பின்னாலேயே முடிகிற வேலைதான். ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரைமணி நேரம் ஆகும். அந்தக் கூடுதல் இருபத்தைந்து நிமிடத்தை யார் கொடுப்பது என்பதுதான் உண்மையான தகராறு. ஃபோர்மேனுக்கு அதைக் கொடுக்க அதிகாரம் இல்லை, ஓட்டுநருக்கு வசதி இல்லை. இரண்டும் உள்ளவர் ஏர்கான் அறையில் ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். சில சைட்டுகளில் அது நான்தான்.