அடுக்களை தரும் பக்குவம்

‘பக்குவம்’ என்னும் சொல்லை நாம் இரண்டு இடங்களில் வழங்குகிறோம். அரிசி வெந்து உண்ணும் நிலையை அடைந்தால் பக்குவம் என்கிறோம். மனம் கனிந்து உண்மையை ஏற்கும் நிலையை அடைந்தாலும் பக்குவம் என்றே சொல்கிறோம். அடுப்படிக்கும் ஆன்ம வாழ்வுக்கும் ஒரே சொல் பொதுவாக இருப்பது சிந்திக்கத்தக்கது.

இன்று பல இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. உலக நாடுகளின் புகழ்பெற்ற உணவுகளைச் சமைக்க நம் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? ‘வீட்டில் ஒரு ரசம் வைக்கத் தெரியாத குழந்தைக்கு இத்தாலி நாட்டுச் சமையல் எதற்கு?’ என்று பெரியோர் கேட்கின்றனர். ‘நாளை எந்த நாட்டில் வாழப்போகிறதோ, எல்லாம் தெரிந்திருக்கட்டுமே’ என்று பெற்றோர் கருதுகின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இது நாவின் சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று. பிறருடைய வாழ்வை எந்த மனநிலையோடு அணுகுவது என்னும் அறம் இதில் அடங்கியிருக்கிறது.

பாட்டி கேட்ட கேள்வி

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில், உறவினர் இல்லம் ஒன்றில் கோடை விடுமுறையின்போது சில நாட்கள் தங்கியிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த பதினொரு வயதுப் பேரன், டார்ட்டியா என்னும் மெக்சிகோ ரொட்டியைத் தானே செய்யப்போவதாக அறிவித்தான். செய்முறையைக் கைப்பேசியில் வைத்திருந்தான். காய்ந்த மக்காச்சோளமும் வாங்கி வந்தாயிற்று. வேலையைத் தொடங்கியபோது அவனுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

“பாட்டி, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவைக்கணும்னு போட்டிருக்கு. அது வேண்டாம், விட்டுடலாம்.”

“எதுக்கு அதைப் போடறான்னு தெரியுமாடா கண்ணா?”

“தெரியாது.”

“தெரியாம எப்படி விடறது? தலைமுறை தலைமுறையாப் பண்றவா காரணமில்லாமயா போடுவா? முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ. அப்பறம் வேணுமா வேண்டாமான்னு பாக்கலாம்.”

எழுபத்தெட்டு வயதான அந்த அம்மையார் மெக்சிகோவைப் பற்றி எதுவும் அறியாதவர். ஆயினும் அவர் கேட்ட கேள்வியில் ஒரு பெரிய சரித்திரம் அடங்கியிருந்தது.

சுண்ணாம்பு சொல்லும் பாடம்

மெக்சிகோ நாட்டுத் தொல்குடிகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, நன்கு கழுவி அரைத்து உண்டு வந்தனர். 1492-க்குப் பின் ஐரோப்பியர் அந்தத் தானியத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். தானியத்தைக் கொண்டு சென்றவர்கள், அதைச் சமைத்த மக்களின் அறிவைக் கொண்டு செல்லவில்லை. சுண்ணாம்பு தேவையற்ற சடங்கு என்று விடப்பட்டது.

விளைவு கொடியது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே பெல்லக்ரா என்னும் நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி மக்கள் மாண்டனர். ஸ்பெயினில் 1735-ல் ஒரு மருத்துவர் இந்நோயை விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் இதனால் இறந்தனர். 1914 முதல் ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர் இதை ஆராய்ந்து, இது தொற்றுநோயன்று, உணவுக் குறைவால் வருவது என்று காட்டினார். அந்தக் குறை நியாசின் என்னும் வைட்டமின் குறையே என்பது 1937-ல் தெளிவாயிற்று. மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் கட்டுண்டிருக்கும் நியாசினை விடுவிப்பது அந்தச் சுண்ணாம்புதான்!

பிறருடைய பொருளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய அறிவை மதிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேரன் அன்று இதையெல்லாம் தேடிப் படித்தான். பிறகு பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை அவனே சென்று திறந்தான்.

எது நம் உணவு?

‘நம் உணவு இருக்க அயல் உணவு ஏன்?’ என்னும் கேள்விக்கு வருவோம். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று போற்றப்படும் அந்த ஊரின் அக்கிரகார மக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். சாம்பாரையும் ரசத்தையும் கைவிடாமல் காத்தவர்கள், ஓலனையும் காளனையும் எரிசேரியையும் மலையாள மண்ணிலிருந்து கற்றுத் தமதாக்கிக்கொண்டனர். இன்று அவற்றை அயல் உணவு என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

மிளகாயும் மக்காச்சோளத்தைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்ததே. தென்னாட்டில் அதற்கு முன் காரத்துக்கு மிளகு இருந்தது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால்தான் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். பல இல்லங்களில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். முட்டைக்கோசும் தக்காளியும் அன்று அடுக்களைக்குள் வருவதில்லை. நம் முன்னோர் அறிந்த உணவு எது, பின்னர் கற்றது எது என்பதை அந்த ஒரு நாள் சமையல் நமக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே மரபு என்பது மூடிய பாத்திரமன்று. ஆனால் கற்றவர்கள் பொறுமையோடு கற்றார்கள், காரணம் அறிந்து கற்றார்கள் என்பதை மறக்கலாகாது. சொந்த மரபைக் கற்பதற்கும் இதே முயற்சி தேவை. 1951-ல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டதற்கு, மூத்தோர் அருகில் இல்லாத இளம் இல்லத்தரசிகளின் தேவையே காரணமாயிற்று. தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டால் ரசமும் வராது.

அடுக்களையின் சுவர்கள்

இதில் நாம் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. அடுக்களை அன்பின் இடம். அதே அடுக்களை நெடுங்காலம் மனிதரைப் பிரிக்கும் சுவராகவும் இருந்தது. யார் சமைத்தது, யாருடன் அமர்ந்து உண்பது என்பவற்றைக் கொண்டு மனிதனின் உயர்வு தாழ்வு அளக்கப்பட்டது. கல்பாத்தியின் தேர் ஓடும் தெருக்களில் 1924-ல் ஈழவ மக்கள் நடப்பதே எதிர்க்கப்பட்டது. அதே காலத்தில், பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் மரபில் வந்த டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர், அருகிலுள்ள அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை அமைத்து, எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒன்றாக வாழ்ந்து உண்ண வழிசெய்தார். அதற்காகத் தம் சமூகத்தின் விலக்கையும் ஏற்றார். காந்தியடிகள் அந்த ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார். சபரியின் பெயர் அதற்கு அமைந்தது எவ்வளவு பொருத்தம்! எளிய வேடுவப் பெண் அன்போடு தந்த கனியை ஸ்ரீராமர் ஏற்றுக்கொண்டார் அல்லவா?

சமயம் சமையல் பானைக்குள் சுருங்கிவிட்டதே என்று சுவாமி விவேகானந்தர் வருந்தினார். அவரே அமெரிக்காவில் தம் சீடர்களுக்குத் தம் கையால் சமைத்துப் பரிமாறி மகிழ்ந்தார். இரண்டிலும் முரண் இல்லை. பிரிப்பதற்காகக் காக்கப்படும் பானையை அவர் கண்டித்தார்; பகிர்வதற்காக ஏற்றப்படும் அடுப்பை அவர் நேசித்தார்.

ஒரு மக்களின் உணவை ‘சீ’ என்று சொல்லப் பழகும் குழந்தை, நாளை அம்மக்களையே ‘சீ’ என்று சொல்லும். அந்த உணவைத் தன் கையால் பிசைந்து, தட்டி, சுட்டுப் பார்த்த குழந்தைக்கு அவ்வாறு சொல்ல நா எழாது. அதன் பின்னுள்ள உழைப்பை அக்கை அறிந்துவிடுகிறது.

எப்படிக் கற்பிப்பது?

முதலாவது, காரணத்தோடு கற்பிப்போம். இதைச் செய்பவர்கள் யார், எப்போது உண்பார்கள், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று குழந்தை கேட்கட்டும். படம் எடுத்துப் பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்யும் பத்து உணவுகளைவிட, காரணம் அறிந்து செய்த ஓர் உணவு மேலானது.

இரண்டாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் கற்பிப்போம். பாலக்காட்டில் ஆயிரம் பேருக்கு விருந்து சமைக்கும் தேஹண்டக்காரர்கள் ஆண்களே. ஆனால் பல வீடுகளில் ஆண் குழந்தை கரண்டியைத் தொடுவதில்லை! ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே முறைவைத்துச் சக மாணவர்களுக்கு மதிய உணவைப் பரிமாறுகின்றனர். உண்ட இடத்தையும் தாமே ஒழுங்கு செய்கின்றனர். உணவுக் கல்விக்கென்றே அந்நாடு 2005-ல் ஒரு சட்டம் இயற்றியது. பாத்திரம் கழுவுவதும் சமையலின் பகுதியே.

மூன்றாவது, பிறருக்காகச் சமைக்கக் கற்பிப்போம். தனக்கென மட்டும் சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்பது கீதை தரும் எச்சரிக்கை. எந்த நாட்டு உணவாயினும் பிறர் இலையில் விழும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

அன்று கல்பாத்தியில் மறுநாள் முற்பகல் ரொட்டிகள் தயாராயின. முதல் நான்கு கிழிந்தன. ஐந்தாவது வட்டமாக வந்தது. தொட்டுக்கொள்ளப் பாட்டி மொளகூட்டல் செய்திருந்தார். “முதல்ல யாருக்குடா?” என்று அவர் கேட்டார். பேரன் சற்று யோசித்தான். தேங்காய் பறித்துவிட்டுத் திண்ணையில் களைத்து அமர்ந்திருந்தவரிடம் தட்டை எடுத்துச் சென்றான். பாட்டி எழுந்து வாசலுக்கு வந்து, “வெளியில ஏன்? உள்ளே வாங்கோ, எல்லாரும் சேர்ந்தே சாப்பிடலாம்” என்று அவரை அழைத்து எங்களோடு அமரவைத்தார்.

“என் சின்ன வயசுல இந்த ஆத்துல இது நடந்திருக்காது” என்று மாலையில் அவர் மெதுவாகச் சொன்னார்.

சோளம் பக்குவமாவதற்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. மனிதர் பக்குவமாவதற்குச் சில தலைமுறைகள் ஆகின்றன. நம் குழந்தைகளை அடுப்பின் அருகே அழைத்துக் கற்பித்தால், அந்தக் காலம் சற்றே குறையக்கூடும்.