பின்னால் வருவது

கண்ணில் படாமல் நடந்துவிட்ட ஒரு தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியா? இந்தக் கேள்வியை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து ஒரு தெருவுக்குத் திரும்பும் முனையில் அது என் எதிரே வந்து நின்றது.

ஒரு பிக்கப் வண்டி, கான்கிரீட் கலவை இயந்திரத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்து வந்தது. நம் புறநகர்களில் வழக்கமான காட்சிதான். வண்டி இடப்புறம் திரும்பியது. ஓரமாகச் சைக்கிளோடு நின்றிருந்த பள்ளிச் சிறுவனை உரசாமல் கடந்தும் விட்டது. ஆனால், பின்னால் வந்த இயந்திரத்தின் சக்கரம் சைக்கிளை நசுக்கிவிட்டது. பையன் துள்ளி விலகிக்கொண்டான், அடி ஒன்றுமில்லை.

"நான் தாண்டிட்டேன் சார்! என் வண்டி படவே இல்லை" என்றார் ஓட்டுநர்.

அவர் சொன்னது பொய்யன்று. சங்கடமே அதுதான்.

இழுக்கும் வண்டியின் தடத்திலேயே இழுபடும் வண்டி வருவதில்லை. திருப்பத்தில் அது உட்புறமாகக் குறுக்கே வரும். ஆகவே அகலமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். திடீரென்று நிறுத்தினால், பிரேக் இல்லாத பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும். வேகம் 2 மடங்கானால், பிரேக் போட்ட பிறகு ஓடும் தூரம் ஏறக்குறைய 4 மடங்காகும். பாரம் ஏற்றும் டிரெய்லராக இருந்தால், சுமையைப் பின்பக்கம் குவிக்கக் கூடாது. வேகத்தில் அது வாலை ஆட்டத் தொடங்கிவிடும். 100-க்கு 60 பங்கு அச்சுக்கு முன்னால் இருப்பது நலம். ஆட்டம் கண்டுவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். கொக்கி கழன்றாலும் காப்பாற்றும் சங்கிலி, பின்னால் சிவப்பு விளக்கு ஆகியவை புறப்படுமுன் பார்க்க வேண்டியவை.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகரான உமணரைப் பற்றிச் சொல்கிறார். பாரமோ பெரிது, மேடு பள்ளம் எப்படி இருக்குமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். வழியில் வரப்போவதை அவர்கள் மட்டும் கண்டார்களா? காணாததற்காகவும் கவலைப்பட்டார்கள். பொறுப்பு என்பது அதுதான்.

ஒன்றை நம்மோடு பிணைத்துக்கொண்ட அந்தக் கணத்திலேயே நம் நீளம் கூடிவிடுகிறது. 'கடந்துவிட்டேன்' என்று சொல்லும் உரிமை, கடைசிச் சக்கரமும் கடந்த பிறகே நமக்கு வருகிறது. தெரியவில்லை என்பது காரணமாகலாம்; மன்னிப்பாகிவிடாது.

இத்தனையும் அவருக்கு எடுத்துச் சொல்லும் எண்ணத்தோடுதான் ஆரம்பித்தேன். "தம்பி, கொஞ்சம் மெதுவாக வரக் கூடாதா?"

"மெதுவாத்தான் சார் வருவேன். இன்னிக்கு வீட்டுக்காரர் மேஸ்திரிக்கு நாலு தடவை போன் பண்ணிட்டாராம். பத்து மணிக்குள்ளே மிஷின் வந்தாகணுமாம்."

என் வாய் அடைத்துவிட்டது. காலையில் மேஸ்திரிக்கு நான்கு தடவை போன் செய்தவன் நான்தான். அந்த இயந்திரம் என் வீட்டு மாடித் தளத்துக்காகத்தான் வந்துகொண்டிருந்தது.

சைக்கிளைச் சரிசெய்ய அவர் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்தார். பாதியை நான் கொடுத்தேன்.

"உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார்.

"அந்த வீட்டுக்காரன் நான்தானப்பா" என்றேன்.