நாலுகோடு நோட்டு

பொங்கல் முடிந்த கையோடு தமிழ்நாட்டு ஊர்களின் கம்பங்களில் பிளக்ஸ் பேனர்கள் ஏறிவிடும். "ப்ரீ கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. மற்றும் ஒன்று முதல் ஐந்து வரை சேர்க்கை நடைபெறுகிறது" என்ற வரிக்குக் கீழே ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், வாகன வசதி, சி.சி.டி.வி. என்று வரிசையாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பருவம் உச்சத்துக்குப் போகும். பெற்றோர் பள்ளிக்குப் போவார்கள். வரவேற்பறையில் குளிரூட்டி ஓடும், சுவரில் கோப்பைகள் அடுக்கியிருக்கும், ஒரு மிஸ் கூடவே வந்து வகுப்பறைகளைத் திறந்து காட்டுவார். சிறிய நாற்காலிகள், சுவரில் யானையும் ஆப்பிளும், பிரிக்காத பொம்மைப் பெட்டிகள். எல்லாம் இருக்கும், குழந்தைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். அது முழு ஆண்டு விடுமுறை. ஒரு பள்ளி பெற்றோருக்கு அறிமுகமாவது பெரும்பாலும் அது பள்ளியாக இல்லாத நாட்களில்தான். சமையல் எப்படி என்று அறிய வந்தவருக்குக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைக் காட்டுவது போன்றது இது. ஆனாலும் நாம் அதைப் பார்த்துத் திருப்தியோடு முன்பணம் கட்டிவிட்டு வருகிறோம்.

இந்த அறிமுகத்தை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே ஒரு பேரம் நடக்கிறது, அந்தப் பேரத்தின் விலையைக் கொடுப்பது மூன்று வயதுக் குழந்தை என்பதே என் வாதம். பெற்றோர் கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "எழுத எப்போ ஆரம்பிப்பீங்க?" பள்ளி சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுடுவோம்." அதற்குப் பிறகு பள்ளி அந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். ஆகவே ஆகஸ்டில் நாலுகோடு நோட்டு வருகிறது. ஒரு பக்கம் நிற்கும் கோடு, ஒரு பக்கம் படுத்த கோடு, அப்புறம் ஏ, பி, சி. கட்டணம் கட்டியவருக்கு அலுவலகம் ஒரு ரசீது தருகிறது. ஒவ்வொரு மாலையும் பையிலிருந்து எடுத்துப் பார்க்கும் அந்த நோட்டு இரண்டாவது ரசீது. மணலில் விளையாடியது, கதை கேட்டது, சண்டை போட்டுச் சமாதானமானது, தன் முறை வரும்வரை காத்திருந்தது ஆகியவற்றுக்கு எந்த நோட்டிலும் பக்கம் இல்லை. காட்ட முடியாததைச் செய்வதற்குப் பள்ளிக்கு ஆசை இருந்தாலும் துணிவு வருவதில்லை.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். பென்சிலை மூன்று விரலில் பிடித்து நாலு கோட்டுக்குள் வளைத்து எழுதும் வேலைக்கு அந்தக் கை தயாராக இருக்காது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முதல் எழுத்துகளை மணலில் விரலால்தான் எழுத வைத்தார்கள். விஜயதசமியில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் வழக்கத்தில் அதன் சாயல் இன்றும் இருக்கிறது. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி நடத்த வந்து, போரின் காரணமாகத் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில ஆண்டுகளைக் கழித்த கல்வியாளர் மரியா மான்டிசோரி இதையேதான் முறைப்படுத்தியிருந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தின்மேல் விரல் ஓட வேண்டும், கை வேறு நூறு வேலைகளில் பழக வேண்டும், பென்சில் பிறகு வரட்டும் என்பது அவர் முறை. இன்று தெருவுக்கு ஒரு பலகையில் அவர் பெயர் தொங்குகிறது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், உள்ளே போனால் பல இடங்களில் நாலுகோடு நோட்டுத்தான் கண்ணில் படுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தம் பேச்சில் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு எழுப்பிய கவலையின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993-இல் அறிக்கை தந்தது. எழுத்து, வாசிப்பு, எண் மூன்றையும் முறைசார்ந்த பாடமாக மழலைகள்மேல் திணிப்பதை வன்முறை என்றே அந்த அறிக்கை குறிப்பிட்டது. மழலையர் வகுப்பில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்றும் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அறிக்கையைப் படித்தவர்கள் அரசிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தார்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதை நான் மதிக்கிறேன். "விளையாட்டு, மணல் என்றெல்லாம் பேசுவது படித்த வீட்டுக்குச் சரி. தானே பள்ளி முடிக்காத ஓர் அம்மா, ஆட்டோ ஓட்டும் ஓர் அப்பா, சம்பளத்தில் பெரும்பங்கைக் கட்டணமாகக் கட்டிவிட்டு எதை வைத்துப் பிள்ளை படிக்கிறான் என்று தெரிந்துகொள்வது?" கேள்வி நியாயமானது. ஆங்கிலம் தெரியாதவருக்கு ஆங்கிலப் பள்ளியைச் சோதிக்க வேறு வழி இல்லை. வரி வரியாக எழுதிய நோட்டும், அதன்மேல் சிவப்பு மையில் ஒரு ஸ்டாரும் மட்டுமே அவர் கையில் இருக்கும் சான்று. அவரை அறியாதவர் என்று சிரிப்பது எளிது. ஆனால் மற்ற சான்றுகளைப் படிக்க அவருக்குக் கற்றுத்தர வேண்டியது பள்ளிதான், அதற்கான நேரம்தான் அந்த அறிமுகம். "உங்க பிள்ளை இன்னிக்கு ஒரு கதையைக் கேட்டு, அதை வரிசை மாறாம திருப்பிச் சொன்னான். படிக்கறதுக்கு இதுதான் அடிப்படை" என்று ஒரு ஆசிரியர் தமிழில் விளக்கினால், மீன் விற்பவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அது புரியும். ஒரு தொழிலைப் பழகக் கொஞ்ச காலம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாழ்க்கையிலிருந்தே அறிந்த செய்தி.

அப்படி விளக்காமல் விட்டால் நல்ல முறைகூட நிற்காது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து உருவானது. சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார், சுவரைச் சுற்றிக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது, அட்டைகளை எடுத்து அவரவர் வேகத்தில் படித்தார்கள். உலகெங்கும் பேசப்பட்ட முறை அது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த அப்பாவுக்கோ வாத்தியார் தரையில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருக்கும் காட்சிதான் தெரிந்திருக்கும். அந்த முறை தேய்ந்ததற்கு நிர்வாகக் காரணங்கள் பல உண்டு. பெற்றோருக்கு அது சரியாக அறிமுகமாகவே இல்லை என்பதும் ஒன்று என்பது என் கணிப்பு.

இன்னொரு மறுப்பு பள்ளிகளிடமிருந்தே வரும்: "ஒன்றாம் வகுப்புப் பாடநூல் வாக்கியத்தில் தொடங்குகிறது. யு.கே.ஜி.யில் எழுதவில்லை என்றால் பிள்ளை அங்கே திணறும்." ஒன்றாம் வகுப்பும் அதே வளாகத்தில் அதே தாளாளரின்கீழ்தானே நடக்கிறது? மழலையர் பிரிவோடு சேர்ந்த தொடக்கப் பள்ளிக்கு உள்ள மிகப் பெரிய வசதியே அதுதான். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் மூன்று வயது முதல் எட்டு வயது வரையான ஐந்து ஆண்டுகளை ஒரே கட்டமாகப் பார்க்க வேண்டும் என்று அது சொன்னதில் பிழையில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கை இந்த இரு வகுப்புகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்றது. மேலிருந்து அழுத்துவதாகச் சொல்லப்படும் சுமையை மேலிருப்பவர்களே குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் யு.கே.ஜி. ஆசிரியரும் ஒரு பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொள்வதுண்டா? பதில் மழுப்பலாக வந்தால், அங்கே மழலையர் பிரிவு என்பது ஒன்றாம் வகுப்புக்கான பயிற்சி முகாம்தான்.

கேட்கக் கூச்சப்படும் விஷயங்களும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சத்துணவுக் கூடத்தின் கீற்றில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு விதிகள் கடுமையாயின. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் ஆகியவை இருந்தால்தான் அங்கீகாரம். சான்றிதழ்கள் சட்டமிட்டு மாட்டியிருப்பதைப் பார்க்கலாம், தவறில்லை. அதைவிட, மாடிப்படியின் அகலத்தையும், பேருந்தின் தரையையும், கழிப்பறையையும் நேரில் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. குறிப்பாகக் கழிப்பறை. மூன்று வயதுக் குழந்தை பள்ளியில் முதலில் கற்க வேண்டியது, அவசரம் என்றால் பயப்படாமல் சொல்வது. அதற்குக் கூட்டிப்போவது மிஸ் இல்லை, ஆயாம்மா. வரவேற்பறையில் நமக்குத் தாளாளரையும் முதல்வரையும் அறிமுகப்படுத்துகிறார்கள். பிள்ளையின் முதல் ஆண்டை உண்மையில் தீர்மானிக்கும் அந்த ஆயாம்மாவை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இதுவரை சொன்னது பள்ளியைப் பெற்றோர் அறிவது பற்றி. மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தச் சோதனையையும் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். பள்ளிகள் அதற்கு 'இன்டராக்‌ஷன்' என்று வேறு பெயர் வைத்துக்கொண்டன. அப்பா என்ன படித்தார், அம்மா என்ன வேலை, வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா என்பதெல்லாம் அதில் வரும். தேவையான கேள்விகள் வேறு. பிள்ளையைத் தூங்க வைப்பது அம்மாவா பாட்டியா? எதைக் கண்டால் பயம்? சிறுநீர் வந்தால் வீட்டில் என்ன சொல்லிக் கேட்கும்? 'உச்சா' என்று சொல்லும் பிள்ளையிடம் 'மே ஐ கோ டு ரெஸ்ட்ரூம்' என்ற வாக்கியத்தை எதிர்பார்த்தால் நனைவது சீருடைதான். மதுரையில் சௌராஷ்டிரமும், ஆம்பூரில் உருதுவும், ஓசூரில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. இதைத் தெரிந்துகொள்ளாத ஆசிரியர், பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று குறித்துக்கொள்வார். வடிகட்டக் கேட்பதும் தெரிந்துகொள்ளக் கேட்பதும் ஒரே மேசையில் நடப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. இடம் உறுதியான பிறகு கேட்டால் இந்தக் குழப்பமே வராது.

அரசுப் பள்ளியின் கதை வேறு. அங்கே ஆசிரியர்கள் ஏப்ரல் வெயிலில் தெருத்தெருவாகப் போய்த் துண்டறிக்கை கொடுக்கிறார்கள், பேரணி நடத்துகிறார்கள். அறிக்கையில் இலவசச் சீருடை, இலவசப் பாடநூல், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் போன காலை உணவு என்று பட்டியல் இருக்கும். பெருமைப்பட வேண்டிய பட்டியல்தான். ஆனால் என்ன சொல்லித்தருவார்கள், எப்படி என்பதற்கு அதில் இடம் குறைவு. மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருந்தும் அவற்றைச் சோறு போடும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது பெற்றோர் ஆர்வமாக வந்ததற்கு, வகுப்பின் பெயர் அவர்களுக்குப் பழக்கமானதாக இருந்ததும் காரணம். விந்தை என்னவென்றால், சட்டப்படி பெற்றோருக்கு நாற்காலி இருப்பது அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். உதவிபெறாத தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பணம் கட்டினால் கேள்வி கேட்கும் உரிமை வரும் என்று நம்பிப் போகிறோம். சட்டம் அந்த உரிமையை வைத்திருக்கும் இடம் நாம் விட்டுவிட்டு வந்த பள்ளி.

கடைசியாக ஒரு மறுப்பு: யாருக்கு நேரம் இருக்கிறது? தினக்கூலி வாங்குபவர் ஒரு நாளை விட்டால் அன்றைய கூலி போகும். உண்மை. அதனால்தான் இதைப் பெற்றோரின் விழிப்புணர்வு என்று மட்டும் விட்டுவிட நான் தயாரில்லை, பள்ளி தன் நாட்காட்டியை மாற்ற வேண்டும். மே மாத வரவேற்பறையை விட்டுவிட்டு, ஜூலையின் ஏதோ ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கி, குழந்தைகளை வரவழைத்து, ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைக்கலாம். அடுத்த ஆண்டு சேர்க்க நினைப்பவர்களும் அன்றே வந்து பார்க்கட்டும். ரைம்ஸ் ஒப்பித்தல் வேண்டாம், வாசலில் ரோஜாப்பூ வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்து, பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில், ஒருவன் பொம்மைக்காக அழ, ஒருத்தி மூலையில் தனியாகப் பேசிக்கொண்டிருக்க, முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு மிஸ்ஸும் ஒரு ஆயாம்மாவும் என்ன செய்கிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் குரல் உயர்ந்ததா, அழுத பிள்ளையை யாராவது தூக்கினார்களா என்பது ஆங்கிலம் தெரியாதவருக்கும் தெரியும்.