ஏழு எலும்புகளில் சேராதது

தொழுகையின் ஸஜ்தாவில் தரையில் படவேண்டிய எலும்புகள் ஏழு என்பது நபிமொழி. மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரண்டு கைகள், இரண்டு முழங்கால்கள், இரண்டு பாதங்களின் நுனி. முதுகெலும்பு அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அது மடங்காவிட்டால் நெற்றி தரைக்கு வந்து சேராது. கடையநல்லூரில் குழித்தறியில் குனிந்து நெய்தே காலத்தைக் கழித்த எனக்கு, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் இது உறைத்தது. ஐந்து வேளைக் கட்டாயத் தொழுகையான பர்ளில் மட்டும் 17 ரக்அத், 34 ஸஜ்தா.

நாற்காலியில் தொழுதேன். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் என்ற தோழர் கேட்டபோது, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபிகள் நாயகம் அனுமதித்தார்கள்.

என்னைக் குடைந்த கேள்வி வேறு. நாற்காலித் தொழுகையை அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்றால், குனிவதற்காக நான் ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும்? அது இறைபக்தியா, வெறும் பிடிவாதமா?

அலைந்தது உண்மை. குற்றாலத்தில் சாரல் நேரத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். பேரருவித் தண்ணீர் தோளில் இறங்கும்போது வலி மறந்துபோகும். வீடு வந்து சேர்வதற்குள் அதுவும் வந்துவிடும். இன்னொருவர் இடுப்பைத் திருகி நெட்டி முறித்தார். சத்தம் கேட்டதும், எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றார். அப்படி எதுவும் உட்காருவதில்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாகும்போது எழும் சத்தம் அது.

தென்காசியில் பார்த்த பிசியோதெரபி தம்பி எதையும் திருகவில்லை. குப்புறப் படுக்கவைத்து, முள்ளெலும்பு ஒவ்வொன்றின் மேலும் இரு கட்டைவிரல்களையும் வைத்து, விட்டு விட்டு அழுத்தினார். “இங்கயா ஐயா? கூடுதா, குறையுதா?” ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லாண்ட் வகுத்து, 1964இல் நூலாகவும் எழுதிய முறை இது. அழுத்தத்தில் நான்கு படிகள் உண்டு. முதல் இரண்டும் வலியை அடக்க. அடுத்த இரண்டும் இறுகிய மூட்டை அசைக்க. நோயாளி சொல்லும் பதிலைக் கேட்டுத்தான் விரல் அடுத்த படிக்குப் போகும். பாவின் விறைப்பை நான் விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல அவர் என் முதுகைப் பார்த்தார். வீட்டில் பயிற்சி செய்யாவிட்டால் கை வைத்தியம் நிலைக்காது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அங்கே படுத்துக் கிடந்தபோது என் கேள்விக்கு வழி திறந்தது. நோயாளிக்குத் தந்த சலுகை அவனுடைய வலிக்காகத் தரப்பட்டது. தரையில் நெற்றி வைக்கும் ஆசையை விட்டுவிடும்படி அது எங்கும் கேட்கவில்லை. நாற்காலியில் தலை தாழ்த்திய ஸஜ்தா முழுமையானது; தரைக்காகத் தவித்த தவிப்பும் இபாதத்தில் சேர்ந்ததே. உடம்பு அமானிதம். அதைச் செப்பனிடுவது நம்மேல் உள்ள கடமை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதும் அதே நபிதான். மனிதன் மண்ணோடு மக்கினாலும் வாலெலும்பு மட்டும் மிஞ்சும், மறுமையில் அதிலிருந்தே அவன் எழுப்பப்படுவான் என்றும் ஹதீஸ் இருக்கிறது. ஏழில் சேராத முதுகெலும்பின் கடைசி நுனிக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு!

இப்போது விடியலில் முதுகு விறைத்திருப்பதால் பஜ்ருக்கு நாற்காலி, லுஹரிலிருந்து தரை. இரண்டிலும் எனக்கு ஒரே நிம்மதிதான்.

குனிய முடியாதவரின் ஈமானில் குறை காண்பவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு பாவம். நோயாளியைப் பள்ளிவாசலுக்கு வரவிடாமல் செய்துவிடும். பள்ளியில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், ஸலாம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். வலியோடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதுகுவலியோடு கால் பலவீனமானாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தேய்க்கவும் திருகவும் யாரிடமும் போகாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.